நீரோட்டத்தை அளக்கும் கடலடி கேபிள்கள்: செயல்படுவது எப்படி?

தகவல்தொடர்புக்காகக் கடலடியில் பதிக்கப்படும் கேபிள்கள், நீரோட்டத்தை அளக்கவும் பயன்படுகின்றன. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. புவிக் காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறின் ஊடாக அது பாயும்போது மின்புலம் தோன்றுகிறது. கேபிளின் இரு முனைகளுக்கு இடையே அதனை மின்னழுத்தமாக அளவிட முடியும்.

மைக்கேல் ஃபாரடே 1832-ஆம் ஆண்டு லண்டன் தேம்ஸ் நதியில் இதைச் சோதித்தார். தெளிவான முடிவு கிடைக்கவில்லை. எனினும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கும் பஹாமாஸ் தீவுகளுக்கும் இடையிலான தொலைபேசி கேபிள் வாயிலாக 1982 முதல் ஃபுளோரிடா நீரோட்டம் கண்காணிக்கப்பட்டு வந்துள்ளது. அங்கு விநாடிக்குச் சுமார் 3.2 கோடி கன மீட்டர் நீர் பாய்கிறது.

இந்தியப் பெருங்கடலில் 2004 டிசம்பர் 26-இல் ஏற்பட்ட சுனாமி, கடலடி கேபிள்களில் சுமார் 500 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தத்தைத் தூண்டியிருக்கக் கூடும் என மனோஜ் நாயர் தலைமையிலான ஆய்வுக் குழு 2010-இல் கணினி மாதிரி மூலம் மதிப்பிட்டது.

ஆனால், திருவனந்தபுரத்தையொட்டிய கடல் பகுதியில் இம்முறைக்கு வரம்பு உண்டு. தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமையக் காரணமான காந்த நிலநடுக்கோடு அருகே செல்வதால், அங்கு செங்குத்துக் கூறு மிகக் குறைவு. பகலில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பாயும் வலுவான மின்னோட்டமும் அளவீட்டைக் குழப்பும். எனவே, ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் பயன்படுத்தும் நிலநடுக்கமானிகள், கடலடி அழுத்தமானிகள் ஆகியவற்றுக்குக் கேபிள்கள் துணையாகலாமே தவிர, மாற்றாக இயலாது.