தெரியவில்லையா, இல்லையா?

1960 ஆகஸ்ட் 19. ஹவாய்த் தீவுகள் பக்கம், பசிபிக் கடலுக்கு மேலே ஒரு அமெரிக்க விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வால் பக்கம் கொக்கிகள் தொங்கின. மேலேயிருந்து பாராசூட்டில் ஒரு பெட்டி இறங்கி வந்தது. முதல் முறை தப்பிவிட்டது. இரண்டாவது முறையும். மூன்றாவது சுற்றில் மாட்டிக்கொண்டது.

உள்ளே சுமார் 9 கிலோ ஃபிலிம். ஊருக்குச் சொன்ன பெயர் டிஸ்கவரர், விஞ்ஞான ஆராய்ச்சி. நிஜப் பெயர் கரோனா (வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சோவியத் யூனியனைப் படமெடுக்க சி.ஐ.ஏ.வும் விமானப்படையும் சேர்ந்து அனுப்பிய உளவு சாட்டிலைட். ஒரு வருஷத்துக்கு மேல் தோல்வி மேல் தோல்வி. அதற்கப்புறம் கிடைத்த முதல் ஃபிலிம் இதுதான்.

கழுவிப் பார்த்தார்கள். ம்ஹும். சுமார் ரகம். யூ-2 உளவு விமானத்தின் படங்களில் ஒரு மீட்டருக்கும் குறைவான சமாசாரங்கள்கூடத் தெரியும். இதிலோ கிட்டத்தட்ட பத்து மீட்டருக்குச் சிறிய எதுவும் தேறவில்லை. லாரி நின்றால் தெரியாது. பல படங்களில் வெறும் மேகம்.

ஆனாலும் கொண்டாடினார்கள். யூ-2 நாலு வருஷம் பறந்து எடுத்ததைவிட அதிகப் பரப்பு அந்த ஒரே சுருளில் இருந்தது. தவிர, அந்த மே மாதம்தான் ஒரு யூ-2வை சோவியத் சுட்டு வீழ்த்தியிருந்தது. இனி விமானம் அனுப்ப முடியாது.

சரி, சோவியத்திடம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் எத்தனை? நம்மைவிட எக்கச்சக்கம் என்று அமெரிக்கா நடுங்கிக்கொண்டிருந்தது. கென்னடி தேர்தல் பிரசாரத்திலேயே இதைப் பேசினார்.

பத்து மீட்டர் படத்தில் ஏவுகணை தெரியுமா? தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. அன்றைய சோவியத் ராக்கெட் ராட்சத சைஸ். அதைக் கொண்டுபோக ரயில்பாதை வேண்டும், பிரம்மாண்டமான ஏவுதளம் வேண்டும். காட்டுக்குள் திடீரென்று ஒரு தண்டவாளம் பிரிந்து போனால் மங்கலான படமே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், ‘இல்லை’ என்று சொல்வதில். படத்தில் தெரியவில்லை என்பதும் அங்கே இல்லவே இல்லை என்பதும் ஒன்றா? பி.காம். படித்தவன் பாஷையில், ரசீது கிடைக்கவில்லை என்றால் செலவே ஆகவில்லை என்று அர்த்தமா? ஆடிட்டர் விடமாட்டார். மேகம் விலகி, அதே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால்தான் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட முடியும். 1961 ஜூனில் 50 முதல் 100 ஏவுதளங்கள் என்று மதிப்பிட்ட உளவுத்துறை, மேலும் சில சுருள்கள் வந்தபின் செப்டம்பரில் 10 முதல் 25 என்று இறங்கி வந்தது.

படத்தின் தரத்தை மீட்டரில் மட்டும் அளக்கக்கூடாது என்று புரிந்துபோனது. மூடுபனி, வெயில் விழும் கோணம் எல்லாம் சேர்ந்தால் அதே கேமரா வேறு படம் தரும். எழுபதுகளில் 0 முதல் 9 வரை மார்க் போடும் முறை வந்தது. கேள்வி இவ்வளவுதான்: பார்த்தால் என்ன சொல்ல முடிகிறது? பெரிய விமான நிலையத்தில் ஓடுபாதையைத் தனியாகப் பிரித்தறிய முடிந்தால் 1. தண்டவாளத்தின் ஸ்லீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிந்தால் 7. லாரியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தால் 9. மேகமோ மங்கலோ மறைத்து எதுவும் சொல்ல முடியாவிட்டால் 0. அங்கே ஒன்றும் இல்லை என்று அந்த 0-வுக்கு அர்த்தம் கிடையாது.

கரோனா படங்கள் 1995-ல் வெளியே வந்தன. எட்டு லட்சத்துக்கும் மேல். முதலில் பாய்ந்து எடுத்துக்கொண்டவர்களில் தொல்பொருள் ஆய்வாளர்கள் உண்டு. சிரியாவிலும் இராக்கிலும் பின்னாளில் அணைக்கட்டு மூழ்கடித்த, டிராக்டர் உழுது அழித்த பழைய ஊர் மேடுகள் அந்த ஃபிலிமில் அப்படியே இருந்தன.