கூடங்குளமும் காத்தாடியும்: 2012ல் போட்ட ஒரு கணக்கைத் திருத்தி எழுதுகிறேன்

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது 2012ல் நான் போட்ட ஒரு எக்செல் ஷீட் கிடைத்தது. கூடங்குளம் அணு உலையா, காற்றாலையா, சூரிய ஒளியா, எதில் யூனிட் மலிவு என்று மூன்று வரிசையில் கணக்கு. கடைசிக் கட்டத்தில் தடித்த எழுத்தில் முடிவு: அணு.

அதை யாருக்காகப் போட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. என்னோடு பி.இ. படித்த நண்பன் ஒருவன், ராதாபுரம் தாலுகாவில் கடலோர ஊர்க்காரன். அப்போது இடிந்தகரையில் போராட்டம் உச்சத்தில் இருந்தது. நான் சென்னையில். எங்களுக்கு 2 மணி நேர மின்வெட்டு. ஊரில் அப்பா அம்மாவுக்கு 14 மணி நேரம். அந்தக் கடுப்பில் ஷீட்டை அவனுக்கு மெயிலில் அனுப்பி, "இதுல எங்க தப்பு, சொல்லு பாப்போம்" என்று கேட்டேன். அன்று ராத்திரியே போன் பண்ணினான். "கணக்கு எல்லாம் சரிதான் மக்கா. இதுல எங்க ஊரு எந்தக் கட்டத்துல கெடக்கு?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது திறந்து பார்த்தால் அவன் சொன்னது போக, கணக்கே சரியில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவின் முதல் சோதனைக் காற்றாலைப் பண்ணைகள் 1986ல் வந்தன. குஜராத்தில் ஓகா, மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி, தமிழ்நாட்டில் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காடு. ஒவ்வொரு காத்தாடியும் 55 கிலோவாட், டென்மார்க் சரக்கு. இரண்டே வருஷம் கழித்து, 20.11.1988ல், டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தலா 1,000 மெகாவாட், இரண்டு உலைகள். ஆக இரண்டு கதையும் தென்கோடியில் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியவை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி முப்பந்தலில் நட்ட காத்தாடிகளுக்கும் கூடங்குளத்துக்கும் நடுவே நேர்கோட்டில் 20 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். அணு உலையைச் சுற்றியே காத்தாடிகள் நிற்கின்றன. அந்த ஊர்ப்பக்கம் போட்டோ எடுத்தால் இரண்டும் ஒரே படத்தில் விழும்.

அடுத்த இருபது வருஷத்தில் காத்தாடி வேகமாகப் பெருகியது, உலை நகரவே இல்லை. சோவியத் யூனியன் 1991ல் கலைந்ததும் ஒப்பந்தம் கிடப்பில் போனது. 1998ல்தான் துணை ஒப்பந்தம், 2002ல்தான் கட்டுமானம். அதற்குள் காற்றாலையில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலிடம்.

காற்றாலை எப்படிப் பெருகியது என்பதை நான் 2012ல் யோசிக்கவே இல்லை. காற்று மட்டும் காரணமில்லை, வருமான வரியும் காரணம். தொண்ணூறுகளில் காத்தாடி வாங்கினால் அதன் மொத்த விலையையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். கோவை, திருப்பூர் பக்கத்து மில் முதலாளிகள் ஏன் முப்பந்தலில் கம்பம் நட்டார்கள் என்பதற்கு இதுதான் விடை. அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானம்தான் என்பதால், செப்டம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் அவசர அவசரமாக இயந்திரங்களை ஓட்டிக் காட்டுவது வழக்கமாயிற்று. 1996-97ல் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் புதிதாக நடுவது சட்டென்று படுத்துவிட்டது. காற்று அதேபோலத்தான் வீசிக்கொண்டிருந்தது. நாட்டிலேயே நல்ல காற்று வரும் இடங்களில் அந்தக் காலத்துச் சின்ன இயந்திரங்கள் பல இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.

இன்னொரு சலுகையும் உண்டு, அது வெளியே அதிகம் தெரியாதது. அதற்குப் பெயர் பேங்கிங். மில்லின் காத்தாடி ஜூன், ஜூலையில் கொட்டும் மின்சாரத்தை மின்வாரியத்திடம் 'டெபாசிட்' செய்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் இதற்குக் கட்டணம் வெறும் 5 சதவீதம். ஆனால் வாரியத்திடம் ஏது அவ்வளவு பெரிய கிடங்கு? கடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் 400 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி ஜூலையில் வேண்டாத மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, நவம்பரில் வெளியே விலை கொடுத்து வாங்கித் திருப்பித் தர வேண்டும். அந்த நஷ்டம் வாரியத்தின் கடனில் போய்ச் சேரும். காற்றாலைக்கு இத்தனை வருஷமும் பேட்டரியாக இருந்தது மின்வாரியம்தான் என்று சொன்னால் மிகையில்லை.

என் ஷீட்டில் காற்றுக்கு எதிரே 3.51 ரூபாய் என்று இருக்கிறது, அந்த வருஷம் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை. வரிச்சலுகையும் பேங்கிங் செலவும் எங்கேயும் இல்லை. சூரிய ஒளிக்கு 12 ரூபாய். அதுவும் அன்றைக்கு நியாயமான எண்தான். 2010ல் தேசிய சூரிய மின்திட்டத்தின் முதல் ஏலத்தில் 10.95 முதல் 12.76 ரூபாய் வரை போயிற்று. இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

கூடங்குளத்தில் நான் செய்த தப்புதான் பெரிது. முதலீடு 13,171 கோடி என்று போட்டிருந்தேன். அது 2001ல் அனுமதித்த தொகை. நான் ஷீட் போட்டபோதே 17,270 கோடி என்று திருத்தியிருந்தார்கள், நான் தேடவில்லை. கடைசியில் முடிந்தது 22,462 கோடியில். முதல் உலை 2007 டிசம்பரில் ஓடவேண்டியது, வணிக உற்பத்தி தொடங்கியது 31.12.2014ல். ஏழு வருஷத் தாமதம்.

தாமதம் எப்படிச் செலவாகிறது என்பதை விளக்கிவிடுகிறேன், இந்த விவாதத்தில் பாதிச் சண்டைக்கு இதுதான் மூலம். அணு உலையில் எரிபொருள் செலவு குறைவு, கட்டுகிற செலவுதான் எல்லாம். கட்டும்போது ஒரு ரூபாய் வருமானம் கிடையாது, வட்டி மட்டும் ஓடும். 10,000 கோடி ஏற்கெனவே உள்ளே போய்விட்ட நிலையில் ஒரு வருஷம் தாமதித்தால், 10 சதவீத வட்டியில் 1,000 கோடி சும்மா ஏறும். 4 சதவீதத்தில் 400 கோடி. கூடங்குளத்துக்கு ரஷ்யா கொடுத்த கடன் 4 சதவீதத்தில். முதல் இரண்டு உலைகளின் மின்சாரம் யூனிட் சுமார் 4 ரூபாய்க்குக் கிடைத்ததற்கு அந்த வட்டி ஒரு பெரிய காரணம். காற்றுக்கு வருமான வரித்துறை என்றால் அணுவுக்கு மாஸ்கோ!

சரி, இப்போது ஷீட்டைத் திருத்துவோம். யூனிட் விலையை விட்டுவிட்டு வேறு மாதிரி பார்க்கலாம். மாட்டை விலை பேசும்போது எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்கிற மாதிரி, வருஷத்துக்கு ஒரு யூனிட் கறக்க எத்தனை ரூபாய் முதல் போட வேண்டும் என்று கேட்போம்.

கூடங்குளம் 1, 2 உலைகள் 80 சதவீதம் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 1,400 கோடி யூனிட். (ஆரம்ப வருஷங்களில் அடிக்கடி நின்றன, அதனால் இது தாராளமான எண்.) 22,462 கோடியை வகுத்தால் யூனிட்டுக்கு 16 ரூபாய். அன்றைய காற்றாலை, மெகாவாட்டுக்கு 6 கோடி, 25 சதவீதம் ஓடும் என்று வைத்தால் 27 ரூபாய். 2016ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், 4,550 கோடி, 20 சதவீதம்: 40 ரூபாய். அதன் மின்சாரத்தை யூனிட் 7.01 ரூபாய்க்கு 25 வருஷம் வாங்குவதாக ஒப்பந்தம். ஆக, தாமதம் எல்லாம் சேர்த்தும் 2016 வரை என் பழைய முடிவு நின்றிருக்கிறது. எண்கள் தப்பு, விடை சரி. பரீட்சையில் இதற்கு அரை மார்க் கொடுப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் தலைகீழ். 2017 பிப்ரவரியில் காற்றாலைக்கு முதல் தேசிய ஏலம், 3.46 ரூபாய். தமிழ்நாட்டில் அப்போது நிர்ணய விலை 4.16. அதே வருஷம் மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் 2.44. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. கமுதி ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் என்று கூடச் சொல்லலாம், அதில் பாதி விலைக்குக் கீழே வந்துவிட்டது. இன்று மெகாவாட்டுக்கு 4 கோடி, 22 சதவீதம் என்று வைத்தால் நம் கணக்கில் 20 ரூபாய் அளவு. கூடங்குளத்தில் 2017ல் கட்டத் தொடங்கிய 3, 4 உலைகளுக்கு அனுமதித்த தொகை 39,849 கோடி. அதே 80 சதவீதத்தில் 28 ரூபாய், அதுவும் தாமதம் சேராமல்.

அதே ஊர், அதே 1,000 மெகாவாட் ரஷ்ய உலை. ஏன் ஏறியது? ரூபாய் மதிப்பு விழுந்தது ஒன்று. 2010ல் வந்த அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் இன்னொன்று. விபத்து நடந்தால் உலை விற்றவனிடமும் கேட்கலாம் என்று அதில் இருந்ததால் ரஷ்யத் தரப்பு நீண்ட நாள் முரண்டு பிடித்தது. சூரியத் தகடு ஒன்றை ஆலையில் கோடிக்கணக்கில் அச்சடிக்கிறான், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மலிவாகக் கற்றுக்கொள்கிறான். உலையைப் பத்து வருஷத்துக்கு ஒன்று கட்டினால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. சாஃப்ட்வேரில் இதைத் தினமும் பார்க்கிறேன். வாரம் ஒரு ரிலீஸ் போடும் குழுவும் மூன்று வருஷத்துக்கு ஒன்று போடும் குழுவும் ஒன்றாகுமா?

அணு ஆதரவாளர்கள் இங்கே நியாயமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். உலை 40, 60 வருஷம் ஓடும், தகடு 25 வருஷம்தானே? சரிதான், ஆனால் வட்டிக்கு வாங்கிய பணத்தில் நாற்பதாவது வருஷத்து யூனிட்டுக்கு இன்றைக்கு மதிப்பு மிகக் குறைவு. இரண்டாவது கேள்வி கனமானது: ராத்திரிக்கு என்ன செய்வாய்?

2022ல் இரண்டு மணி நேர பேட்டரிக்கான ஏலத்தில் மெகாவாட்டுக்கு மாதம் 10.84 லட்சம் ரூபாய் வாடகை. தினம் ஒருமுறை ஏற்றி இறக்கினால் மாதம் 60,000 யூனிட், அதாவது யூனிட்டுக்கு 18 ரூபாய் கூடுதல். 2024 கடைசியில் ராஜஸ்தானில் அது 2.21 லட்சம், மானியத்தோடு. கணக்குப்படி 3.70 ரூபாய். பகல் சூரியனோடு சேர்த்தால் சாயங்கால யூனிட் 6 ரூபாய் அளவு. அது முழு ராத்திரிக்கும் காணாது, ஆனாலும் ஏழு மணி விளக்குக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கிடைக்காதது நவம்பர். 2012ல் மின்வெட்டு மிகக் கொடுமையாக இருந்தது ஜூலையில் அல்ல, அக்டோபர், நவம்பரில். மாநிலத்தில் 7,000 மெகாவாட் காற்றாலை நின்றுகொண்டிருந்தது, காற்று நின்றுவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் வெயிலும் இல்லை. பேட்டரி மதியத்தை ராத்திரிக்கு மாற்றும், ஜூலையை நவம்பருக்கு மாற்றாது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை கூடங்குளத்திலிருந்து வரும் பங்குக்கு (உலைக்கு 562.5 மெகாவாட்) உண்மையான மதிப்பு அந்த மூன்று மாதத்தில்தான் என்பது என் இப்போதைய கருத்து. அதற்காகப் புதிதாக இன்னும் உலைகள் கட்டுவதா என்றால், வருஷத்தில் மூன்று மாதத் தேவைக்குப் பன்னிரண்டு மாதச் செலவு. எனக்கு ஒப்பவில்லை.

இனி நண்பன் கேட்ட கட்டம். 2010 சட்டப்படி உலையை நடத்துபவரின் இழப்பீட்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பு 1,500 கோடி. 1,400 கோடி யூனிட்டை 4 ரூபாய்க்கு விற்றால் வருஷ வருமானம் 5,600 கோடி. உச்சவரம்பு என்பது மூன்று மாத வசூலுக்குச் சற்று மேல்! அதற்குமேல் ஒரு வரம்புவரை அரசு, அதாவது நாம். அந்த மீதி ஆபத்துக்கு யாராவது பிரீமியம் கட்டியிருந்தால் அது யூனிட் விலையில் ஏறியிருக்கும். கட்டவில்லை, அதனால் ஏறவில்லை. அதைச் சுமப்பது அவன் ஊர். 10.9.2012 அன்று மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மீனவரும், தேசத்துரோக வழக்கு விழுந்த ஆயிரக்கணக்கான ஆட்களும் எந்த வரிசையில் வருவார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

திருத்திய ஷீட்டைப் போன வாரம் அவனுக்கு அனுப்பினேன். மூன்று வரிசைக்கும் 'யார் தலையில்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். காற்றுக்கு எதிரே வருமான வரித்துறை, மின்வாரியம். சூரியனுக்கு எதிரே கமுதி ஒப்பந்தம் முடியும்வரை மின்வாரியம். அணுவுக்கு எதிரே அவன் ஊர்ப் பெயர். "இப்பதான் ஊரு வந்திருக்கு. தொகை எழுதலியே?" என்று பதில் போட்டான்.

காற்று பேங்கிங்கில் வாரியம் வருஷவாரியாக எவ்வளவு இழந்தது என்பதைத் தனியாகக் கணக்குப் போட நினைக்கிறேன். தொண்ணூறுகளின் மின்வாரிய ஆண்டறிக்கைகள் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். ஸ்கேன் வேண்டாம், காற்றாலைப் பக்கங்களின் போட்டோ போதும்.