நல்லூரிலிருந்து தொடங்கும் பண்டை வரலாறு: உயர்தர வகுப்புக்குரிய ஒரு பாடநெறி பற்றிய சிந்தனைகள்

பண்டை வரலாற்றை மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்ற பிரச்சினை பாடவிதானக் குழுக்களுக்கு மட்டும் உரியதன்று. கடந்தகாலத்தை நம்புவதற்குரியதாக வழங்குவதா, ஆராய்வதற்குரியதாக வழங்குவதா என்ற அடிப்படை வினா அதனுள் அடங்கியுள்ளது. எமது உயர்தரக் கலைப்பிரிவு மாணவருக்குப் பண்டை வரலாற்றையும் எழுத்தின் வரலாற்றையும் இணைத்துக் கற்பிக்கும் பாடநெறியொன்று வேண்டும் என்பதும், அதனைத் தொடங்குவதற்கு நல்லூர் மிகப் பொருத்தமான இடம் என்பதும் இக்கட்டுரையின் கருத்துக்களாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலப் பாடசாலைகளிலே பெரும்பாலும் இங்கிலாந்தின் வரலாறே வரலாறாகக் கருதப்பட்டது. சுதந்திரத்தின் பின்னர் அநுராதபுரமும் பொலனறுவையும் பாடநூல்களில் முதலிடம் பெற்றன. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கனிட்ட வகுப்புகளில் வரலாற்றைச் சமூகக் கல்வி என்னும் பாடத்தினுள் சேர்த்துவிட்டது. 2007 முதல் வரலாறு மீண்டும் தனிப்பாடமாகவும் கட்டாய பாடமாகவும் ஆக்கப்பட்டது. ஆயினும், பாடம் மீண்ட அளவுக்குச் சான்றுகளைக் கையாளும் பயிற்சி வகுப்பறைக்கு வந்துவிட்டதெனக் கூறல் இயலாது. அரசர் வரிசையும் ஆண்டுகளும் மனனஞ் செய்யப்படுகின்றன. அவை எங்கிருந்து பெறப்பட்டன என்பது கேட்கப்படுவதில்லை.

இக்குறையை நீக்குவதற்கு நல்லூர் தரும் முதற்பாடம் அதன் தோற்றம் பற்றியதே. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் சொல்லப்படும் கட்டியம் புவனேகபாகு என்னும் பெயரைக் குறிப்பிடுகின்றது. கைலாயமாலையின் இறுதியிலுள்ள தனிச்செய்யுள் கோயிலும் நகரும் சக ஆண்டு 870இல் அமைக்கப்பட்டன என்று கொள்ளத்தக்கவாறு அமைந்துள்ளது. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டும் மாணவன் கி.பி. 948 என்ற விடையைப் பெறுவான். ஆனால் ஆரியச்சக்கரவர்த்திகளின் எழுச்சிக்குரிய சான்றுகள் 13ஆம் நூற்றாண்டை ஒட்டியே தெளிவாகின்றன. அதேவேளை, கோட்டை அரசின் சார்பில் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய சப்புமல் குமாரயன் பின்னர் ஆறாம் புவனேகபாகுவாக முடிசூடினான். கட்டியத்திலுள்ள பெயர் இவனுடையதா, முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் அமைச்சனாக மரபு கூறும் ஒருவனுடையதா என்பதில் அறிஞர் வேறுபட்டனர். கட்டியத்தையும் செய்யுளையும் கோட்டை அரசின் வரலாற்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஆராயும் மாணவன், வரலாற்றுண்மை ஆயத்தமாகக் கிடைப்பதில்லை என்பதை உணர்வான்.

யாழ்ப்பாண வைபவமாலையையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்பேரில் 18ஆம் நூற்றாண்டில், வையாபாடல், கைலாயமாலை முதலியவற்றை ஆதாரமாகக் கொண்டு அதனை இயற்றினார். நல்லூர் அரசு 1619இல் வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின் எழுதப்பட்ட நூல் அது. யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்ற மூன்று வினாக்களுமே இப்பாடநெறியின் அரிச்சுவடியாகும். நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம் இவ்வினாக்களை முறையாக எழுப்பிய முன்னோடி நூலாகும். பண்டைய யாழ்ப்பாணம் பற்றி 1926இல் ஆங்கிலத்தில் எழுதிய முதலியார் இராசநாயகத்தின் முடிபுகளோடு அதனை ஒப்பிடுதல் நல்ல பயிற்சியாகும்.

இரண்டாம் நிலையில் எழுத்துச் சான்றுகள் இடம்பெறவேண்டும். நல்லூரிலிருந்து தொலைவில்லாத ஆனைக்கோட்டையில், 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழ்வில், பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப்புதைவோடு ஒரு முத்திரை கிடைத்தது. அதில் மேலே குறியீடுகளும் கீழே பிராமி எழுத்துக்களும் உள்ளன. 1936இல் அறியப்பட்ட வல்லிபுரப் பொற்சாசனம், வசப மன்னனின் ஆட்சிக்காலத்தில் நாகதீவை ஓர் அமைச்சன் நிருவகித்ததைப் பிராகிருதச் சார்புடைய மொழியிற் கூறுகின்றது. நயினாதீவிலுள்ள 12ஆம் நூற்றாண்டுச் சாசனமோ முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெளியிட்டது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் சேதமுற்றால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்றும், வாணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி என்றும் அது விதிக்கின்றது.

இம்மூன்று சான்றுகளும் இன்றைய இன எல்லைகளுக்குள் எளிதில் அடங்குவனவல்ல. குடாநாட்டிற் கிடைத்த பொற்சாசனம் பௌத்த விகாரை ஒன்றைக் குறிப்பிடுகின்றது. பொலனறுவை அரசன் துறைமுக வணிகருக்குத் தமிழில் ஆணையிடுகின்றான். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் காட்டும் கல்வி எத்தரப்பிலிருந்து வந்தாலும் வரலாற்றுக் கல்வியாகாது.

எழுத்தை வாசிக்கக் கற்றதே தனியொரு வரலாறு. ஆறுமுக நாவலர் நல்லூரிற் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே பிரான்சில் சம்பொலியன் எகிப்தியச் சித்திர எழுத்தின் மர்மத்தை விடுவித்தார். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அசோகனின் பிராமிக் கல்வெட்டுக்களை வாசித்தார். அக்கல்வெட்டுக்களிற் காணப்படும் பியதசி என்பான் அசோகனே எனத் துணிவதற்கு, இலங்கையிற் பணியாற்றிய ஜோர்ஜ் டேணர் பாளி நூல்களிலிருந்து எடுத்துக்காட்டிய செய்தி உதவியது. ஈழத்து ஏடுகள் உலக வரலாற்றுக்கு அளித்த இப்பங்களிப்பை எமது மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

சான்று மாறும்போது முடிபும் மாறவேண்டும் என்பதற்குப் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் ஆய்வுகளே தக்க உதாரணம். 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் இலங்கையின் தமிழ்க் குடியேற்றங்களை ஒப்பீட்டளவிற் பிற்பட்டனவாகக் கொண்ட அவர், பிற்காலத் தொல்லியற் சான்றுகளின் வழியே அக்கருத்தைத் திருத்தி, 2005இல் கி.மு. 300 முதல் கி.பி. 1200 வரையிலான இன அடையாள உருவாக்கத்தை விரிவாக ஆராய்ந்தார். ஆய்வாளன் தன் முடிபை மாற்றுவது பலவீனமன்று என்பதை மாணவர் பதினேழு வயதிலேயே கண்டுகொள்வது நன்று.

எனினும் எழுத்துச் சான்றுக்கு எல்லையுண்டு. எழுத்து, அரசனுக்கும் வணிகனுக்கும் துறவிக்கும் கோயிலுக்கும் பயன்பட்ட கருவி. வயலில் உழைத்தோரும் மட்கலம் வனைந்தோரும் கடலிற் சென்றோரும் பெரும்பாலும் அதிற் பேசப்படுவதில்லை. கந்தரோடையின் மட்கல ஓடுகளும் ஆனைக்கோட்டையின் ஈமப்பொருள்களும் இங்கேதான் முக்கியத்துவம் பெறுகின்றன. யார் எழுதினர் என்ற வினாவோடு, யார் எழுத அனுமதிக்கப்படவில்லை என்ற வினாவும் எழுப்பப்படவேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் பாடசாலை வாயிலில் தடுக்கப்பட்டோரின் மண்ணில் இவ்வினா பழங்காலத்துக்கு மட்டும் உரியதாகாது.

பாடநெறியை நடைமுறைப்படுத்தப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதற்றவணையில் பிராமி, வட்டெழுத்து, தமிழ் எழுத்து வடிவங்களை எழுதிப் பழகலாம். நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட்காட்சிச்சாலை வகுப்பறையாகலாம். இரண்டாந் தவணையில் மேற்கூறிய சாசனங்களைத் தமிழாக்கங்களோடு கற்பிக்கலாம். மூன்றாந் தவணையில் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் ஒரு பழம்பொருளை, ஏட்டை, இடப்பெயரை விவரித்து அதன் காலத்தை நியாயங்களோடு மதிப்பிடலாம். பரீட்சையில் முன்பின் காணாத சான்றொன்றைத் தந்து அதனை ஆராயுமாறு கேட்டால் மனனத்தின் ஆட்சி தானே தளரும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் மீளப்பெற முடியாத ஏட்டுச்சுவடிகளும் அடங்கும். வீடுகளில் எஞ்சியுள்ள ஏடுகளையும் உறுதிகளையும் பட்டியலிடவும் படியெடுக்கவும் தெரிந்த இளைஞர் ஊருக்குச் சிலராவது இருப்பின், எதிர்கால இழப்பின் அளவு குறையும். பண்டை வரலாற்றை நில உரிமைக்கான உறுதிப் பத்திரம்போல் இரு தரப்பினரும் நீட்டிவந்த நாடு இது. நீட்டப்படும் பத்திரத்தை வாங்கி வாசித்து, இதற்குச் சான்று யாது என்று கேட்கத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவதே இப்பாடநெறியின் பயன். அப்பணியைத் தொடங்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் பொதுவானது.