ஸ்ரீநகரின் மரக்கட்டு வீடுகள்

கருங்கல் மலிந்த தருமபுரி மாவட்டத்தில் வாழும் நாம், வலிமை என்றதும் கல்லையே நினைக்கின்றோம். காஷ்மீரத்து ஸ்ரீநகரின் பழைய கடைத்தெருக்கள் அந்நினைப்பைத் திருத்துகின்றன.

அத்தெருக்களின் வீடுகளில் கீழ்த்தளம் கடை, மேல்தளங்கள் குடியிருப்பு. கட்டுமானம் இருவகை. ஒன்று ‘தாக்’. அரபியிலும் பாரசீகத்திலும் வளைவைக் குறிக்கும் சொல் இது. தளத்துக்குத் தளம் செங்கல் சுவரினுள் ஏணிபோல் மரங்களைக் கிடத்திச் சுவரைப் பிணைப்பர். மற்றொன்று ‘தஜ்ஜி தீவாரி’. ஒட்டுத்துணிச் சுவர் என்பது பொருள். மரச்சட்டங்களால் சிறுசிறு கட்டங்கள் அமைத்து, அவற்றைச் செங்கல்லும் மண்சாந்தும் கொண்டு நிரப்புவர்.

1885 மே 30ஆம் நாள் காஷ்மீரத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கிற்று. கனத்த கட்டடங்கள் சில சரிந்தன. சாய்ந்துவிடும்போல் தோன்றிய நகரத்து வீடுகளுள் மிகுதியானவை நின்றன. அங்குப் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் ஆர்தர் நீவ் இதனை எழுதிவைத்துள்ளார். 2005 அக்டோபர் 8ஆம் நாள் நிலநடுக்கத்திலும் இம்முறையில் கட்டிய வீடுகள் பல தாக்குப்பிடித்தன. காரணம் யாது? மரச்சட்டம் அசைந்துகொடுத்து அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் விழும் விரிசலும் பெரும்பாலும் அதனோடு அடங்கிவிடுகிறது.

இன்று அவ்வீடுகள் பல இடிக்கப்பட்டு, கான்கிரீட் கட்டடங்கள் எழுகின்றன. நம்மூரிலும் பழைய வீட்டின்மீது கடப்பாரையை ஓங்குமுன், அதனைக் கட்டியோர் அறிந்திருந்தது என்னவென்று கேட்டறிதல் நம் கடமையன்றோ?