அசரியா கேட்ட தாழ்மை

சபையில் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் வந்தால், பெரும்பாலும் அது கீழே இருக்கிறவனுக்குத்தான். அடங்கிப் போ, பொறுத்துக்கோ, கர்த்தர் ஏற்ற காலத்தில் உயர்த்துவார். அதையே மேலே இருக்கிறவர்களிடம் கேட்ட ஒருவர் நம்ம ஊர்க்காரர், வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா அங்கே ஐயர் (திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு ஐயர் என்றால் குருவானவர்). மகன் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் போட்டு மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியாச்சு. பணமும் நம்மளோடது, ஆளும் நம்ம ஆள். பணித்தளம் நிஜாம் சீமையிலுள்ள டோர்னக்கல். ஆள் அனுப்பும் இடத்தில் இருந்த அசரியா, 1909-ல் குருப்பட்டம் பெற்று, தானே அங்கே போய்விட்டார். முப்பது வயதைத் தாண்டியபிறகு தெலுங்கு படிக்க வேண்டியிருந்தது.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. வெள்ளைக்கார மிஷனெரியும் இந்திய ஊழியரும் சேர்ந்து வேலை செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் நேராக விஷயத்துக்கு வந்துட்டார். உங்கள் தியாகத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் எங்களோடு நீங்கள் நண்பர்களாகப் பழகுவதில்லை, எங்களுக்கு வேண்டியது அதுதான் என்பது பேச்சின் சாரம். சிலர் கைதட்டினார்கள், சிலருக்குக் கோபம்.

எனக்கு இந்தப் பேச்சில் முக்கியமாகப் படுவது இதுதான். தியாகத்தை மேலே உட்கார்ந்துகொண்டே செய்யலாம். சொத்தைக் கொடுக்கலாம், உயிரைக்கூடக் கொடுக்கலாம். கூட வேலை செய்யும் கறுப்பு ஊழியரை வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட மட்டும், இறங்கித்தான் ஆகணும்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அவரைப் பேராயராக்கினார்கள். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். ஐரோப்பிய மிஷனெரிகள் மட்டுமில்லை, இந்தியக் கிறிஸ்தவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள்.

இப்போது மேலே இருப்பது அவர். திருமண்டலத்தில் பெரும்பாலானவர்கள் மாலா, மாதிகா மக்கள். எடின்பரோவில் கேட்டதை அவர் டோர்னக்கல்லில் செய்தாரா? முழுசாகச் செய்தார் என்று சொல்லமாட்டேன். பேராயர் என்ற அதிகாரத்தை அவர் தயங்காமல் பயன்படுத்தியவர். ஜனங்கள் அவரைத் தகப்பனாகத்தான் பார்த்தார்கள், நண்பனாக இல்லை. ஆனாலும் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். சபைக்குள் சாதி நுழையக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். கூலிக்காரர்களின் சபையும் காணிக்கை கொடுக்கணும் என்றார். ஏழைகளிடம் போய்க் கேட்பதா என்று எனக்கு முதலில் உறுத்தியது. அப்புறம்தான் புரிந்தது, வாங்குகிறவர்களாகவே அவர்களை வைத்திருக்க அவருக்கு மனசில்லை.

1945 ஜனவரி 1-ல் டோர்னக்கல்லில் இறந்தார். அந்த 32 வருஷத்தில், இந்திய ஆங்கிலிக்கன் சபையில் ஒரு திருமண்டலத்தின் பொறுப்பு வேறு எந்த இந்தியரிடமும் கொடுக்கப்படவில்லை.