சுருதி சேராத பாணன்: ஒரு விதி வாக்கியத்தின் மறுவாசிப்பு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பாடவே வராத ஒருவனைப் பாணனாக, அதாவது பார்ட் வகுப்புப் பாத்திரமாக, எடுத்து ஆடுவது விதிக்குப் புறம்பான குறும்பு என்ற வாசிப்பு நெடுநாளாக நிலைத்திருக்கிறது. பாணனின் ஆற்றல் இசையிலிருந்து பிறக்கிறது, எனவே இசைத்திறன் அற்ற பாணன் தன்னையே மறுக்கும் பாத்திரம், கேலிக்கு வேண்டுமானால் ஆகலாம் என்பது அதன் வாதம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2003இல் வெளிவந்த 3.5 பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், காது கேளாத பாணனைப் பற்றி வரும் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை முழுமையாக வாசித்தால் அது எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்கிறது என்று நினைக்கிறேன்.

விதி சொல்வது இது: காது கேளாத பாணன் தன் 'பாண இசை'யைப் பயன்படுத்த முயலும்போது, அது பலிக்காமல் போக 20 விழுக்காடு வாய்ப்பு உண்டு; பலிக்காவிட்டாலும் அந்த முயற்சி அன்றைய எண்ணிக்கையில் கழிந்துவிடும். காது கேட்காதவனுக்குச் சுருதி பிடிபடாது, சுருதி கெட்டால் இசை கெடும், இசை கெட்டால் ஆற்றலும் கெடும் என்று பழைய வாசிப்பு இதற்கு உரை சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வுரை வாக்கியத்தின் முற்பாதியை விட்டுவிடுகிறது. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய மந்திரத்துக்கு எப்படியோ அப்படியே இதற்கும் என்றுதான் அந்த வாக்கியம் தொடங்குகிறது. செவியிழந்த எந்த மந்திரவாதிக்கும் அத்தகைய மந்திரத்தில் இதே 20 விழுக்காடு தோல்வி உண்டு. மந்திரவாதிக்கு ஏது சுருதி? அவன் உச்சரிப்பது பண் அல்ல. ஆக 20 என்ற எண் இசையின் தரத்தை அளப்பதற்காக வந்ததல்ல. தன் ஒலியைத் தானே கேட்க முடியாமல் ஒலி எழுப்பும் எவருக்கும் இந்த ஆட்டம் விதிக்கும் பொதுத் தண்டம் அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாட்டுப் பாடும் செவிடனுக்கும் 20, கவிதையை உரைக்கும் செவிடனுக்கும் 20, மத்தளம் அடிக்கும் செவிடனுக்கும் 20. சுருதிதான் பிரச்சினை என்றால் மூவருக்கும் ஒரே தண்டம் எப்படிப் பொருந்தும்? உரைப்பவனை விடப் பாடுபவனுக்குத்தானே இழப்பு அதிகமாக இருக்க வேண்டும்?

இந்த மூன்று வழிகளையும் நானாகச் சேர்க்கவில்லை. பாண இசையைப் பற்றிய பகுதியின் முன்னுரையிலேயே, கவிதை சொல்லுதல், ஓதுதல், சொற்களோடு பாடுதல், சொல்லின்றி மெட்டுப் பாடுதல், சீழ்க்கையடித்தல், கருவி இசைத்தல், கருவியோடு பேச்சைச் சேர்த்தல் ஆகிய எல்லாமே செல்லும் என்று எழுதியிருக்கிறது. பின்வரும் விளக்கங்களில் பாடுவது என்றே பேசப்பட்டாலும் இவை அனைத்தும் ஒப்புக்கொள்ளப்படும் என்றும் அதே இடம் சொல்கிறது. எனவே கூட்டாளிகளுக்குத் துணிவூட்டும் ஆற்றலின் விளக்கத்தில், பாணன் பாடுவது அவர்கள் காதில் விழ வேண்டும் என்று வருவதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. அதற்கான பதிலை விதிநூலே முன்கூட்டிச் சொல்லிவிட்டது.

கனமான எதிர்வாதம் வேறு. துணிவூட்ட வேண்டுமானால் பாணனுக்கு 'நிகழ்த்துதல்' திறனில் குறைந்தது 3 புள்ளிகள் இருக்க வேண்டும். அப்படியென்றால் திறன் கட்டாயம்தானே என்று கேட்கலாம். இதைச் சோதிக்க ஒரு பாத்திரத்தைக் கட்டிப் பார்ப்போம். முதல் நிலைப் பாணன். கவர்ச்சி எண் 8, அதாவது கவர்ச்சி சார்ந்த ஒவ்வொரு பகடை உருட்டலிலும் ஒன்று குறையும். நிகழ்த்துதல் திறன் வகை வகையாகப் பிரிந்தது: நடிப்பு, நகைச்சுவை, நடனம், சொற்பொழிவு, பாட்டு, கருவிகளில் தனித்தனி. நம் ஆள் 3 புள்ளிகளையும் நடனத்தில் போட்டுவிட்டான். பாட்டில் பூஜ்யம், கருவிகளிலும் பூஜ்யம். கவர்ச்சி 10ஐ எட்டாததால் மிகச் சாதாரண மந்திரம்கூட அவனுக்குக் கூடாது. இவன் குகைவாயிலில் ஓர்க்குகள் எதிர்ப்படும்போது உதடு குவித்துச் சீழ்க்கையடிக்கிறான். சுருதி சேரவில்லை. ஆனாலும் அதைக் கேட்கும் வாள்வீரனின் தாக்குதலில் ஒன்று கூடுகிறது, அடியின் சேதத்தில் ஒன்று கூடுகிறது, அச்சத்தை எதிர்க்கும் உருட்டலிலும் ஒன்று கூடுகிறது. சீழ்க்கை நின்ற பிறகும் 5 சுற்றுகளுக்கு அது நீடிக்கிறது. இதற்காகப் பாணன் பகடையைத் தொடவே தேவையில்லை.

வகுப்பின் விளக்கம் ஏதேனும் ஒரு நிகழ்த்துதல் திறனில் 3 புள்ளிகளைத்தான் கேட்கிறது. புள்ளி போட்ட வகையும் ஆற்றலை எழுப்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. இது பதிப்பாசிரியர்களின் கவனக்குறைவாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் விளைவு விளைவுதான்: கவர்ச்சி 8 உள்ள பாணன் மந்திரத்தை முழுவதுமாக இழக்கிறான், 'இசை'யை இழப்பதில்லை. இசைத்திறனே பாணனின் உயிர் என்றால் முதலில் போயிருக்க வேண்டியது எது?

திறமை உண்மையிலேயே எடைபோடப்படும் இடங்களும் உண்டு. அந்நியரை ஈர்த்து அசையாமல் நிறுத்தும் ஆற்றலுக்கும், எதிரியின் ஒலிமந்திரத்தை முறிக்கும் எதிர்ப்பாட்டுக்கும் பாணன் பகடை உருட்டியே ஆக வேண்டும். நம் சீழ்க்கைக்காரன் இவற்றில் பெரும்பாலும் தோற்பான். தெருவில் நின்று காசு சேர்ப்பதும் அப்படித்தான்: 10 எடுத்தால் பிச்சைக்கு ஒப்பான சில செம்புக்காசுகள், 15க்கு மேல் போனால் கொஞ்சம் மரியாதை, 30ஐத் தொட்டால்தான் அரிய நிகழ்ச்சி. இந்தப் பட்டியலைப் பழைய வாசிப்பு தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது. எனக்கோ அது வேறொன்றைக் காட்டுகிறது. தரம் பார்ப்பவர்கள் சந்தையில் நிற்பவர்கள், பகைவர்கள், அதாவது அந்நியர்கள். உடன் போராடும் கூட்டாளி தரம் பார்ப்பதில்லை; அவனுக்குப் பாணனின் ஒலி காதில் விழுந்தால் போதும். விதிநூலில் இந்தக் கோடு தெளிவாகவே விழுந்திருக்கிறது.

ஆடுபவருக்கே பாட வராதபோது என்ன செய்வது என்ற கேள்வியையும் இதோடு சேர்த்துக் குழப்புவது வழக்கம். வாளை மேசையில் சுழற்ற முடியாது, பாட்டை மேசையில் பாட முடியும், எனவே பாணனுக்கு மட்டும் ஆடுபவரின் சொந்தத் திறனைக் கேட்கலாம் என்பார்கள். மேசையில் நடப்பது கச்சேரி அல்ல, சொல்லல். 'தொண்டை அடைத்த காகம் மாதிரி கத்துகிறேன், ஆனாலும் நிறுத்தவில்லை' என்று ஒருவர் சொன்னாலே பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. ஆடுபவரின் குரல், பாத்திரத்தின் குரல், விதியின் விளைவு ஆகிய மூன்றும் வெவ்வேறு. மூன்றாவதை முதல் இரண்டோடு கட்டிப்போடும் விதி எதுவும் மேலே பார்த்த பக்கங்களில் இல்லை.

வகுப்பின் பிறப்பையும் ஒரு பார்வை பார்க்கலாம். 1976 பிப்ரவரியில் தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ இதழில் டக் ஷ்வெக்மன் முதன்முதலாக வரைந்த பாணன், வட ஐரோப்பிய ஸ்கால்ட் புலவரையும் கெல்டியப் பாணரையும் தென் ஐரோப்பியப் பாடகரையும் குழைத்த கலவை. கவரும் ஆற்றலோடு பழங்கதையறிவும் அவனுக்கு விழுக்காடாகக் கணக்கிடப்பட்டது. 1978இல் கேரி கைகாக்ஸ் எழுதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பின்னிணைப்பில் பாணர் கல்லூரிகளுக்கு ஃபொக்லூகன் தொடங்கி ஒல்லாவ் வரை வைத்த பெயர்கள், பழைய ஐரிஷ் சட்ட நூல்கள் ஃபிலி என்னும் புலவருக்கு வகுத்த ஏழு படிநிலைகளிலிருந்து வந்தவை. அந்தச் சட்டங்களில் பாணருக்கு மேலே நின்றவர் ஃபிலி. கல்வியே அவர் தகுதி. பிற்காலத்து அயர்லாந்திலோ கவிதையைப் புலவர் இயற்ற, அதை அவையில் உரைப்பவர் வேறொருவர், யாழ் மீட்டுபவர் இன்னொருவர். கைகாக்ஸ் ஓசைக்காக மட்டும் பெயர்களை எடுத்திருக்கலாம். இதை நான் பெரிய ஆதாரமாக வைக்கவில்லை. ஆனாலும் பாடாத பாணன் வகுப்பின் மரபுக்கே அந்நியன் என்பவர்கள் இந்தப் பெயர்ப்பட்டியலுக்கு ஒரு விளக்கம் தர வேண்டும். நம் பாணர், புலவர் பிரிவை இங்கே பொருத்திப் பார்க்கும் ஆசை வாசகருக்கு எழலாம். இரண்டு வரலாறுகளையும் அது கெடுக்கும் என்பதால் தவிர்க்கிறேன்.

பாடத் தெரியாத பாணன் ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதையிலிருந்து இறங்கிய நகைச்சுவைதானே என்பார்கள். இருக்கட்டும். 1966இல் ஆல்பமாக வந்த நார்மன்கள் கதையில், அச்சம் என்றால் என்னவென்று கற்கக் கப்பலேறி வந்தவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது கிராமத்துப் பாணனின் சகிக்க முடியாத பாட்டுதான். அங்கேயும் கலை தோற்றாலும் விளைவு தோற்கவில்லை.

2014இன் ஐந்தாம் பதிப்பு இந்தப் பிரிவை இன்னும் வெளிப்படையாக்குகிறது. பாணனின் ஊக்குவிப்பு சொல்லாலும் நிகழலாம், இசையாலும் நிகழலாம். அதற்குப் பாணன் உருட்ட வேண்டியதில்லை. கவர்ச்சி எவ்வளவு குறைந்தாலும் ஒருமுறையேனும் உண்டு. நிகழ்த்துதல் திறனைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. மூன்று கருவிகளில் தேர்ச்சி மட்டும் தானாக வந்துவிடுகிறது என்பது என் வாதத்துக்கு இடைஞ்சல்தான். அந்தப் பதிப்பில் இசையறியாத பாணனை ஆடுபவர் தன் பாத்திரத் தாளில் உள்ளதை மீறித்தான் கதை சொல்ல வேண்டியிருக்கும்.

பல மேசைகளில் ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர், துணிவூட்டுவதற்கு முன்பும் ஒரு நிகழ்த்துதல் உருட்டல் கேட்டு, தவறினால் விளைவைப் பறித்துவிடுகிறார். அது அந்த மேசையின் விருப்பம், தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். 2003 நூலின் விதி என்று மட்டும் அதைச் சொல்ல வேண்டாம்.