கிங் உயிரோடு இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார்?



நினைவுச் சொற்பொழிவு என்றாலே மறைந்தவரைப் போற்றிப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இன்று அதை விட்டுவிட்டு ஒரு கற்பனைக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மாலை, மெம்பிஸ் நகரத்து லோரெயின் விடுதியின் மாடத்தில் நின்றிருந்த மார்ட்டின் லூதர் கிங்கை நோக்கிச் சுட்ட குண்டு குறி தவறியிருந்தால்?

வரலாற்றில் 'இருந்திருந்தால்' என்ற சொல்லுக்கு இடமில்லை என்று பேராசிரியர்கள் கண்டிப்பார்கள். ஆனால் ஒடுக்குகிறவர்கள் இந்தக் கேள்வியை எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்: இவன் இருந்தால் நாளை என்ன ஆகும்? கிங் கொல்லப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1968 மார்ச் 4 அன்று, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தன் அலுவலகங்களுக்கு அனுப்பிய குறிப்பில், கறுப்பின மக்களை ஒன்றுதிரட்டக்கூடிய ஒரு 'மீட்பர்' எழுவதைத் தடுக்க வேண்டும் என்று எழுதியது. அந்த இடத்துக்கு வரக்கூடியவர்களில் ஒருவராகக் கிங்கின் பெயரும் அதில் இருந்தது. அரசு கேட்ட கேள்வியை நாம் மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

அவர் மெம்பிஸுக்குப் போன காரணத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்கக் குப்பை வண்டியின் பின்பக்கத்துக்குள் ஏறினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென ஓடத் தொடங்கி இருவரையும் நசுக்கிக் கொன்றது. பழைய வண்டி, ஆபத்தானது என்று தொழிலாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு முறையான இழப்பீடு கிடைக்கவில்லை. மழை நாளில் கறுப்பினத் தொழிலாளியை வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெள்ளை மேற்பார்வையாளருக்கு முழுக்கூலி. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள்.

மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் கணக்கை வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டம் வந்தது. பாதாளச் சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகைதான் உயர்ந்தது. சாவு நிற்கவில்லை.

கிங்குக்கு நம் ஊர் தெரியும். 1959இல் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றியவர், கன்னியாகுமரி வரை வந்தார். திருவனந்தபுரத்தில் தீண்டத்தகாதோர் எனப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது, யோசித்தபோது உண்மைதான் என்று பட்டது என்று 1965இல் தேவாலயப் பிரசங்கத்தில் அவரே சொன்னார். அம்பேத்கர் மறைந்து அப்போது இரண்டு ஆண்டுதான் கடந்திருந்தது. ஆனாலும் கிங் இங்கிருந்து எடுத்துப்போன சித்திரம் காந்தி, நேரு வழியாகக் கிடைத்தது. இடஒதுக்கீட்டைக்கூட நேருவின் விளக்கமாகத்தான் எழுதினார். உயிரோடு இருந்திருந்தால் 1972இல் பம்பாயில் 'தலித் பாந்தர்' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுந்த இளைஞர்கள் அந்தச் சித்திரத்தைக் கலைத்திருப்பார்கள் என்று எனக்கு ஓர் ஆசை. ஆசைதான், வாதம் இல்லை.

வாதத்துக்கு வருகிறேன். கொல்லப்பட்ட நேரத்தில் கிங் எல்லாரும் கொண்டாடிய தலைவர் அல்லர். 1966இல் காலப் கருத்துக்கணிப்பில் 63 சதவீத அமெரிக்கர்கள் அவரைப் பற்றிச் சாதகமற்ற கருத்தே சொன்னார்கள். அதே ஆண்டு சிகாகோவில் வீட்டுவசதிப் போராட்டத்தின்போது கல்லடி பட்டார். கிடைத்த உடன்பாடோ காகிதத்தோடு நின்றது. 1967 ஏப்ரல் 4 அன்று வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசியதும் பெரிய பத்திரிகைகளும் மூத்த கறுப்பினத் தலைவர்களும் அவரை விட்டு விலகினார்கள். 1983இல் ரீகன் கையெழுத்திட்டு வந்த தேசிய விடுமுறை, உயிரோடு இருக்கும் கிங்குக்குக் கிடைத்திருக்காது. பிறந்தநாள் கொண்டாட வசதியானவர், இனி பேச முடியாதவர்தான்.

இன்னொரு சங்கடமான உண்மை: அவர் சாவு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா மார்ச்சில் செனட்டில் நிறைவேறி, கீழவையில் கிடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் வெடித்தது. ஏப்ரல் 9 அடக்கம், 10இல் கீழவை வாக்கெடுப்பு, 11இல் ஜான்சனின் கையெழுத்து. மெம்பிஸ் நகராட்சியும் ஏப்ரல் 16 அன்றுதான் சங்கத்தை ஏற்றது. அவர் பிழைத்திருந்தால் இவை தள்ளிப்போயிருக்கலாம், சட்டம் இன்னும் நீர்த்தும் போயிருக்கலாம். உயிரோடிருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்பது பக்தர்களின் கணக்கு.

அப்படியானால் எங்கே மாறியிருக்கும்? வாஷிங்டனில் ஏழைகளைத் திரட்டி முகாமிடுவதுதான் அவருடைய கடைசித் திட்டம். அவர் இல்லாமல் அது நடந்தது. மே மாதம் கூடாரங்கள் எழுந்தன. மழையிலும் சேற்றிலும் ஆறு வாரம் தாங்கின. ஜூன் 24 அன்று காவல்துறை அப்புறப்படுத்தியது. கிங் இருந்திருந்தாலும் அந்தக் கோடையில் வெற்றி கிட்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டு ஒரு விசித்திரம் நடந்தது. நிக்சனே, நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,600 டாலர் அடிப்படை வருமானம் தரும் திட்டத்தை முன்வைத்தார். 1970 ஏப்ரலில் அது கீழவையில் நிறைவேறி, பிறகு செனட்டில் செத்தது. தொகை அற்பம் என்று வலதுக்கு எதிர்ப்புறமிருந்து அதை எதிர்த்தவர்கள், அரசு உதவித்தொகையில் பிள்ளை வளர்த்த தாய்மார்களின் அமைப்பினர். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். 1968 தொடக்கத்தில் சிகாகோவில் கிங் இவர்களைச் சந்தித்தபோது, உதவித்தொகைச் சட்டம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவரும் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

1967இல் வெளிவந்த கடைசி நூலில் அனைவருக்கும் உறுதிசெய்யப்பட்ட வருமானம் வேண்டும் என்று எழுதியவர் அவர். 1970இல் 41 வயதுக் கிங் அந்தத் தாய்மார்களோடு நின்று தொகையை உயர்த்தப் போராடியிருந்தால், அமெரிக்க ஏழைகளின் வரலாறு வேறு பாதையில் திரும்பியிருக்கும் ஒரே கதவு அதுதான் என்பது என் கணிப்பு. கோரிக்கை, மசோதா, மக்கள் மூன்றும் இருந்தன. மூன்றையும் இணைக்க ஆள் இல்லை.

ஆனால் வயது என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். கூடவே நடந்தவர்கள்தான் இதற்குச் சாட்சி. இயக்கத்தை ஏற்று நடத்திய ரால்ஃப் அபர்நதி 1980 தேர்தலில் ரீகனை ஆதரித்தார். 1963 பேரணியை ஒருங்கிணைத்த பேயார்ட் ரஸ்டின் வலப்பக்கம் நகர்ந்தார். ஜான் லூயிஸ் நாடாளுமன்றம் போனார். கொரெட்டா கிங் 1969இல் சார்ல்ஸ்டன் மருத்துவமனைப் பெண் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தில் நின்றார், பிறகு முழு வேலைவாய்ப்புக்காக அலைந்தார். ஒரே வீட்டிலிருந்து இத்தனை வழிகள் பிரிந்தன. கிங் எதில் போயிருப்பார்?

இதற்கு விடை தேட நல்ல இடம் அவருடைய சொந்த ஊரான அட்லாண்டா. 1977இல் அங்கே துப்புரவுத் தொழிலாளர்கள் மணிக்கு 50 சென்ட் கூடுதல் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மெம்பிஸில் நின்ற அதே சங்கம். மேயர் மேனார்ட் ஜாக்சன், அந்நகரின் முதல் கறுப்பின மேயர். 1970இல் துணைமேயராக இருந்தபோது இதே தொழிலாளர்களின் பக்கம் நின்றவர். இப்போது அவர் 900க்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு நீக்கினார். வணிகர் சங்கம் கைதட்டியது. கறுப்பினப் போதகர்கள் மேயரை ஆதரித்தார்கள். அவர்களில் மூத்தவர் மார்ட்டின் லூதர் கிங்கின் தந்தை.

மகனுக்கு அப்போது 48 வயது ஆகியிருக்கும். ஒரு பக்கம் நூற்றாண்டுக் கனவாகக் கிடைத்த மேயர் நாற்காலி, அப்பா, பழைய நண்பர்கள். இன்னொரு பக்கம் குப்பை அள்ளுகிறவர்கள். நம் கட்சி, நம் அமைச்சர், நம் ஆணையர் என்று கொண்டாடுகிற நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மேயரிடம் தனியாகப் போய்ப் பேசியிருப்பார். பேச்சு தோற்றிருக்கும். மெம்பிஸிலும் வேலைநிறுத்தம் தொடங்கி ஐந்து வாரம் கழித்துத்தான் அவர் வந்து சேர்ந்தார். அட்லாண்டாவிலும் தாமதமாகத்தான் வந்திருப்பார், தந்தையோடு மனத்தாங்கலோடு. தொழிலாளர்கள் அவருக்காகக் காத்திருந்திருக்க மாட்டார்கள், மெம்பிஸிலும் காத்திருக்கவில்லை.